இரண்டாவது மாடித் திருப்பத்தில் பத்து நிமிடம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 42 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பத்து வயது மகன், எங்களோடு இருக்கும் மாமியார் என்று வீட்டில் நாலு பேர். சொல்லும்படியான கஷ்டம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத இத்தனை நாள் தயங்கியதற்கும் அதுதான் காரணம். "உனக்கு என்னம்மா குறை?" என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

ஆனால் ஏழெட்டு மாதமாக மனசு ஒரு நிலையில் இல்லை. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனது போல எந்நேரமும் ஒரு படபடப்பு. ஆபீஸில் இருக்கும்போது வீட்டு நினைப்பு, வீட்டில் இருக்கும்போது ஆபீஸ் நினைப்பு. ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்தால் அசதியில் தூக்கம் வந்துவிடுகிறது. மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு வரும். அறிக்கையில் அந்த எண்ணைச் சரிபார்த்தேனா, மகனின் ஸ்கூல் டைரியில் கையெழுத்துப் போட்டேனா, மாமியாருக்கு மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வந்து நிற்கும். ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது, நான் ஏற்கெனவே ஒரு ஷிஃப்ட் வேலை பார்த்து முடித்திருப்பேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மகன் ஸ்கூலில் தண்ணீர் பாட்டில் மூடியைத் தொலைத்துவிட்டு வந்தான். ஒரு மூடி, அவ்வளவுதான். நான் கத்த ஆரம்பித்தேன். "எத்தனை தடவை சொல்வது" என்று தொடங்கி, போன வருஷம் தொலைத்த ரப்பர் வரைக்கும் இழுத்துக் கத்தினேன். அவன் அழவில்லை. மூடியில்லாத பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். மறுநாள் சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு எதையும் தொலைக்கலம்மா" என்றான். அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் நான் மாற வேண்டும் என்று முடிவு செய்தேன். இன்டர்நெட்டில் தேடி, பார்த்த வீடியோவையெல்லாம் சேர்த்து ஒரு புது நோட்டில் லிஸ்ட் போட்டேன். "21 நாளில் மன அமைதி" என்று முதல் பக்கத்தில் தலைப்பு வேறு. காலை நாலரைக்கு எழுவது, 40 நிமிடம் தியானம், பச்சைத் தண்ணீரில் குளியல், யோகா, நன்றிக் குறிப்பு எழுதுவது, செல்போனைத் தொடாமல் இருப்பது என்று மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம். ஒன்பது நாள் ஓடியது. பத்தாவது நாள் மாதக் கடைசி. கணக்கு முடிக்க ஆபீஸில் ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது. அதோடு நின்றுபோனது. நோட்டு இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது, அந்த டிராயரைத் திறக்கவே பிடிக்கவில்லை. அமைதிக்காகப் போட்ட லிஸ்ட்டே எனக்கு இன்னொரு மேனேஜர் மாதிரி ஆகிவிட்டது.

தியானத்தில் உட்கார்ந்த அந்த ஒன்பது நாளும் எனக்குத் தோல்விதான். எதையும் நினைக்காமல் இருக்க வேண்டும் என்று கண்ணை மூடுவேன். மூடியதும்தான் எல்லாம் வரும். கணவர் நல்லவர். என் முகம் வாடினால் அவருக்குத் தெரியும். "நீ கொஞ்சம் தியானம் பண்ணேன், டென்ஷன் குறையும்" என்பார். சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார்.

இன்னொரு விஷயம். யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் வரும்போது நான் படியில்தான் ஏறுகிறேன். கேட்டால், உடற்பயிற்சி என்கிறேன். உண்மை அது இல்லை. இரண்டாவது மாடி தாண்டி படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் கீழே படியில் உட்கார்ந்துவிடுகிறேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே என் மகன் குரல் கேட்கும். அது கேட்டும் எழுந்து போக மனம் வராது. யாராவது படியில் வந்தால் பைக்குள் சாவியைத் தேடுவது போல நடிப்பேன். சொந்த வீட்டுக்குள் போகப் பிடிக்காமல், பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நான் என்ன தாய்? எனக்கு ஏதாவது மனநோயா? பழையபடி நிம்மதியாக இருக்க தினமும் நான் என்ன செய்ய வேண்டும்? தயவுசெய்து சொல்லுங்கள். பதினொன்று வேண்டாம் அம்மா. என்னால் முடிகிறதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
படியில் உட்கார்ந்திருப்பவள்

---

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்வது போல நீங்கள் கடைசியில் சொன்ன அந்தப் படிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இடம் அதுதான்.

நீங்கள் நோட்டுப் போட்டு எழுதிய பதினொரு பழக்கமும் ஒன்பது நாளில் நின்றுவிட்டன. யாரும் சொல்லாமல், டிக் போடாமல், நாள் தவறாமல் நீங்கள் செய்துவரும் பழக்கம் ஒன்றே ஒன்று. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவே பத்து நிமிடம் உட்காருவது. உங்களுக்கு என்ன தேவை என்பதை உங்கள் உடம்பு அந்த வீடியோக்களுக்கு முன்பே கண்டுபிடித்து, லிஃப்ட்டை விட்டுப் படியில் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்திருக்கிறது. இது மனநோய் இல்லை. பிள்ளை மேல் பாசம் இல்லாததும் இல்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குள் அப்படியே விழ முடியாமல், நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்க நினைக்கிறீர்கள்.

2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், கவனம் முழுசாக நம்மோடு வருவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கவன எச்சம் என்று அதற்குப் பெயர். அலுவலக வேலையை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனால் வீட்டுக்குள் நுழையும் எந்தத் தாயிடம் சொன்னாலும் உடனே புரிந்துகொள்வார். பாட்டில் மூடி தொலைந்த அன்று வாசலில் நின்றது நீங்கள் முழுசாக இல்லை. பாதி நீங்கள் இன்னும் ஆபீஸ் கணக்கில் இருந்தீர்கள். அந்தப் பாதிதான் கத்தியது என்று சொல்லி உங்களைத் தப்பிக்க வைக்க வரவில்லை. எங்கே சரிசெய்ய வேண்டும் என்று காட்டுகிறேன்.

எனவே முதல் பழக்கம், புதிதாக எதுவும் இல்லை. படியில் உட்காருங்கள். இரண்டே இரண்டு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

ஒன்று, செல்போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள், படியில் செல்போன் பார்ப்பதாக. அந்தப் பத்து நிமிடத்தை அது அப்படியே தின்றுவிடுகிறது. ஒருவர் சண்டை, ஒருவர் கல்யாண போட்டோ, ஆபீஸ் குரூப்பில் ஒரு மெசேஜ். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், மனசு இன்னும் பத்து இடத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் செல்போனுக்கு எதிரி இல்லை, என்னிடமும் ஒன்று இருக்கிறது, நானும் தேவைக்கு மேல் பார்க்கிறேன். நாள் முழுக்க ஒதுக்கி வைக்கச் சொல்லவில்லை. அந்தப் படியில் மட்டும் வேண்டாம்.

இரண்டு, மூச்சு. சலித்துக்கொள்ளாதீர்கள், "மூச்சை இழுத்து விடு" என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும். மூளையிலிருந்து இதயம், வயிறு வரை இறங்கும் வேகஸ் என்ற நரம்பு, மூச்சை விடும் நேரத்தில்தான் தன் கடிவாளத்தை நன்றாக இழுக்கிறது. அதனால் விடும் மூச்சு நீளமாக இருந்தால், துடிப்பு இறங்குவதற்கு அதிக நேரம் கிடைக்கிறது. படியில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் வலது கை விரல்களை வைத்து நாடியைப் பாருங்கள். மனசுக்குள் நாலு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளியே போகும் மூச்சில் நாடி கொஞ்சம் தயங்கித் தயங்கித் தட்டுவது பலருக்கு விரலிலேயே தெரியும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றுவது போல இருந்தால் விட்டுவிட்டு வழக்கம் போல மூச்சு விடுங்கள். ரொம்ப ஆழமாக இழுத்ததால் வந்திருக்கும்.

மீதி ஐந்து நிமிடம்? ஒன்றும் செய்யாதீர்கள். ஜன்னல் இருக்கிறது என்றீர்களே. பாருங்கள்.

இங்கே உங்கள் தியானத் தோல்வியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று சொன்னார். அடுத்த ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் வெள்ளைக் கரடியால் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கே அந்தக் கதி. நீங்கள் விடிகாலை நாலரைக்கு, தூக்கக் கலக்கத்தில், 40 நிமிடம் எதையும் நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்தீர்கள். எண்ணம் வந்ததில் என்ன ஆச்சரியம்? எண்ணம் வராமல் இருப்பதற்குப் பெயர் தியானம் இல்லை. எங்கேயோ போய்விட்டோம் என்று தெரிந்ததும், மூச்சுக்குத் திரும்பி வருகிறோம் இல்லையா, அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடிப்போய் முப்பது தடவை திரும்பி வந்தால் முப்பது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள். உங்கள் கணக்குப் பிரிவு மூளைக்கு இந்தக் கணக்கு பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, ராத்திரி மூன்று மணி.

உங்களை எழுப்பும் நினைப்புகளைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். அறிக்கை, டைரிக் கையெழுத்து, மாத்திரை. கவனித்தீர்களா, இவற்றில் ஒன்றுகூடக் கவலை இல்லை. எல்லாம் வேலை. முடிக்காமல் கிடக்கும் வேலை மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். மறந்துவிடக் கூடாதே என்று ராத்திரியிலும் அது உங்களுக்காகக் காவல் இருக்கிறது. அதன் கையிலிருப்பதை வாங்கி ஒரு தாளில் வைத்துவிட்டால் அதற்குக் கொஞ்சம் ஓய்வு. அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் என்பவர் குழு இதைச் சோதித்துப் பார்த்தது, 2018இல் வெளியானது. 57 இளைஞர்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூக்கம் வந்தது. எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். சின்ன ஆய்வுதான், அதுவும் தூங்கப் போகும் நேரத்தைப் பற்றியது. நடுராத்திரி விழிப்பை அது அளக்கவில்லை. ஆனாலும் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் உங்கள் மூன்று மணி நினைப்புகள் அப்படியே ஒரு வேலைப் பட்டியல்தான்.

எப்படி எழுதுவது என்பதில் விஷயம் இருக்கிறது. "மாத்திரை" என்று மட்டும் எழுதினால் மூளை நம்பாது. "மாமியார் மாத்திரை: வெள்ளிக்கிழமை வரை வரும். வியாழன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாங்க வேண்டும்" என்று எழுதுங்கள். எப்போது, யார் என்று இருந்தால்தான் காவல்காரன் தூங்கப் போவான். யார் என்ற இடத்தில் எப்போதும் உங்கள் பெயரே வருகிறதா என்றும் பாருங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுதியும் விழிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. விடியலை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. அந்த நேரத்தில் லேசாக விழிப்பது எல்லோருக்கும் உண்டு, பெரும்பாலும் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. கெடுப்பது விழிப்பு இல்லை, கடிகாரம். மணி பார்க்கிறோம், இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது என்று கழித்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான், கணக்கு ஆபீஸ் திறந்துவிட்டது. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், செல்போனைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். இருபது நிமிடம் போல ஆகிவிட்டது என்று தோன்றினால், புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமே இல்லாத எதையாவது புரட்டுங்கள். கண் சொக்கினால் திரும்பிப் படுங்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்புக்கு மறுபடி பழக்கும் இந்த முறையை ரிச்சர்ட் பூட்ஸின் என்பவர் 1972இல் எழுதினார். இன்றும் தூக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையில் இது ஒரு முக்கியப் பகுதி. நல்ல தூக்கத்தில் எழுந்திருக்க மனம் வராதுதான், ஆனால் தூக்கமே இல்லாதபோது எழுவதில் நஷ்டம் என்ன?

காலையில் நாலரைக்கு எழுவதை மறந்துவிடுங்கள். பதினொரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு விழிக்கும் ஒருவரை நாலரைக்கு எழச் சொன்ன அந்த வீடியோக்காரர் மேல் எனக்குக் கோபமே வருகிறது. ஐந்தரைக்கே எழுங்கள், விடுமுறை நாளிலும் ஏறக்குறைய அதே நேரம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் பத்து நிமிடமாவது வெளி வெளிச்சம் கண்ணில் படட்டும். மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. சாயங்காலம் காபி, டீ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மதியம் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். குடித்த கஃபீனில் பாதி கழிய பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, நீங்கள் படுக்கும்போதும் உள்ளே விழித்திருக்கும்.

சரி, 21 நாள். இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1960இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். போகப் போக "குறைந்தது" உதிர்ந்துபோனது. முகமும் உதிர்ந்துபோனது. எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும். 2010இல் வெளியான அவர்கள் ஆய்வில் 96 பேர். தினமும் ஒரே ஒரு புதுப் பழக்கம். அது தானாக நடக்கும் அளவுக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆனால் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. உங்களுக்கு முக்கியமான செய்தி இன்னொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. பத்தாவது நாள் விட்டதால் ஒன்பது நாளும் வீண் என்று நீங்கள் நினைத்தது கணக்குப்படியே தவறு. அதிலும் அவர்களுக்கு ஒரு பழக்கம், உங்களுக்குப் பதினொன்று.

அதனால் நோட்டில் கட்டம் வேண்டாம். இரண்டுதான்: சாயங்காலம் படி, ராத்திரி தாள். இரண்டும் ஏற்கெனவே உங்கள் நாளில் இருக்கும் ஒன்றோடு ஒட்டியிருக்கின்றன. படி ஏறாமல் வீட்டுக்குப் போக மாட்டீர்கள், படுக்காமல் தூங்க மாட்டீர்கள். மாதக் கடைசியில் ஒன்பது மணிக்கு வந்தால் படியில் மூன்று மூச்சு மட்டும் விட்டுவிட்டு மேலே போங்கள், போதும். நடைப்பயிற்சி நல்லதா, யோகா நல்லதா என்றால் நல்லதுதான். முடிந்த நாளில் நடங்கள். இப்போதைக்கு லிஸ்ட்டில் சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் கணவர். நல்லவர் என்கிறீர்கள், நம்புகிறேன். தியானம் பண்ணச் சொன்னாரே, அந்தத் தியானத்துக்கான நேரத்தை யார் தருவது என்று கேட்டீர்களா? மூச்சுப் பயிற்சியால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. ஒருத்தியே சுமக்கும் மூட்டையை அது இரண்டாகப் பிரிக்காது. நானும் என் துறையும் இதில் சில சமயம் தப்புச் செய்கிறோம். மூட்டையை இறக்கி வைக்க வழி சொல்லாமல், சுமந்துகொண்டே சிரிக்கப் பயிற்சி கொடுக்கிறோம். ஒரு வாரம் ராத்திரித் தாளை எழுதி முடித்ததும் அவரிடம் காட்டுங்கள். குறை சொல்ல வேண்டாம், அழ வேண்டாம். "இது ஒரு வாரத்துக்கு என் தலைக்குள் ஓடியது. இதில் எதையெல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டால் முழுசாக எடுக்க வேண்டும். மாத்திரை அவர் பொறுப்பு என்றால், தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. நீங்கள் ஞாபகப்படுத்தி அவர் வாங்கி வந்தால் அந்தக் காவல்காரன் உங்கள் தலையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

மகன். "இன்னைக்கு எதையும் தொலைக்கலம்மா." எனக்கும் அந்த வரியில் கண் நின்றுவிட்டது. அவன் மனசில் ஆறாத வடு விழுந்துவிட்டதோ என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்கிறீர்கள். ஒரு தடவை கத்தியதால் அப்படி ஆகிவிடாது. எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் தாயும் கைக்குழந்தையும் பழகுவதைப் பல ஆண்டுகள் படம் பிடித்துப் பார்த்தார். நல்ல நெருக்கம் உள்ள தாயும் குழந்தையும்கூட, மூன்றில் ஒரு பங்கு நேரம் போலத்தான் ஒத்திசைந்து இருந்தார்கள். மீதி நேரம் இசைவு அறுந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி அறுந்து. அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை வளர்கிறது என்றார். உங்கள் மகன் பத்து வயதுக்காரன், வாய்ச்சொல் புரிகிற வயது. இன்னும் அவனிடம் பேசவில்லை என்றால் பேசிவிடுங்கள். "அன்னைக்கு மூடிக்காக அவ்வளவு கத்தினது அம்மா தப்பு. எனக்கு ஆபீஸ்ல களைப்பு, அதை உன் மேல காட்டிட்டேன்." இவ்வளவுதான். "நீயும் இனிமேல் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று வாலைச் சேர்க்காதீர்கள். வால் சேர்ந்தால் மன்னிப்பு புத்திமதியாகிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ஏழெட்டு மாதப் படபடப்பு, நடு ராத்திரி விழிப்பு, எரிச்சல் எல்லாம் மனசிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. தைராய்டு அதிகம் சுரந்தாலும், ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தாலும் இப்படி வரலாம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு, மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஹார்மோன் ஏற்ற இறக்கம் தொடங்கும். அதுவும் தூக்கத்தையும் மனநிலையையும் புரட்டிப் போடும். ரத்தப் பரிசோதனையும் நாலு கேள்வியும் போதும், தெரிந்துவிடும். அப்புறம், எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டு கிடப்பது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரையே கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் எழுதுவதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்ற கணக்கு வேண்டாம்.

இன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, "படியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்" என்று கணவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். மகனுக்கும் தெரியட்டும். ஒரு நாள் அவனும் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும். யாராவது படியேறி வந்தால் சாவியைத் தேட வேண்டாம். கொஞ்சம் சுவரோரமாக நகர்ந்து வழிவிட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்